துடைக்காமல் விட்ட தரை

ஓசூர்,
வியாழக்கிழமை, பிற்பகல்.

அன்புள்ள அம்மா,

நானும் குழந்தையும் நன்றாக இருக்கிறோம். பெண் குழந்தை. இதை முதலிலேயே எழுதிவிட்டேன். மிச்சத்தை நீ எழுத்துக் கூட்டிப் படித்து முடிக்க நேரமாகும், அதுவரை உனக்கு நெஞ்சு படபடக்கக் கூடாது.

உனக்காகத்தான் பெரிய எழுத்தாக, வரிக்கு வரி இடம் விட்டு எழுதுகிறேன். அப்பாவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே. பாதியில் அவர் மூக்கை உறிஞ்ச ஆரம்பித்துவிடுவார், நீ அவரைத் தேற்றிக்கொண்டிருப்பாய். தனியாக உட்கார்ந்து படி. அஜித்குமார் அண்ணனிடம் கொடுத்து அனுப்புகிறேன். நம் ஊர்க்காரர், உன் மருமகனோடு ஒரே கம்பெனியில் வேலை பார்ப்பவர். கோயில் விசேஷத்துக்காகக் காரில் வருகிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் இங்கே திரும்புகிறார். அதை ஏன் சொல்கிறேன் என்பது கடைசியில் தெரியும்.

போனில் சொல்லியிருக்கலாம். எத்தனை தடவை அடித்தாலும் அப்பாதான் எடுக்கிறார். "அம்மா காட்டுக்குப் போயிருக்காம்மா" என்கிறார். பின்னால் உன் இருமல் கேட்கிறது. அப்பாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். குழந்தை பிறந்த அன்று அவர் போனைக் கையால் மூடிக்கொண்டு யாரிடமோ "பொண்ணாம், பொண்ணாம்" என்று சொன்னது எனக்குத் தெளிவாகவே கேட்டது. அந்த யாரோ அழுததும் கேட்டது. அதனால் எனக்குக் கோபம் இல்லை.

ஏழாம் மாதம் வளைகாப்புக்கு வந்தபோது நீ வளையல் அடுக்கிக்கொண்டே எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டாய். நான் கவர்ன்மெண்ட் ஆஸ்பத்திரி என்றேன். கையில் இருந்த வளையலை நீ தட்டில் வைத்துவிட்டாய். அத்தனை பேர் முன்னால், "நான் பெருக்கின மாதிரி எடத்துல எம் மக படுக்கக் கூடாது. அங்கதான் போவேன்னா என்னையக் கூப்புடாத. அந்த வார்டு வாசல நான் மிதிக்க மாட்டேன்" என்றாய். சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டாய். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை அழைத்துப் போக வந்தவள் தனியாகப் போகிறாளே என்று வந்திருந்தவர்கள் பேசினார்கள். உனக்குத் தகுதிக்கு மீறிய ஆசை என்று ஒருத்தி சொன்னாள். டிகிரி படித்த பெண் சாதாரண ஆஸ்பத்திரிக்குப் போவது கௌரவக் குறைச்சல் என்று நீ நினைப்பதாக இன்னொருத்தி சொன்னாள். எனக்குத்தான் நாலு பேர் முன்னால் வாய் வராதே. காரணம் அது இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

அதை அப்புறம் எழுதுகிறேன். முதலில் பிரசவத்தைச் சொல்லிவிடுகிறேன்.

திங்கட்கிழமை காலையில் உன் மருமகன் முதல் ஷிப்ட் பஸ் ஏறிப் போன கொஞ்ச நேரத்தில் இடுப்பு வலி பிடித்தது. இன்னும் நாலு வாரம் இருக்கிறதே, சூட்டு வலியாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனாலும் கம்பெனிப் பழக்கம் விடவில்லை. ஒவ்வொரு பிரேக் பாகத்தையும் விளக்கடியில் வைத்துப் பார்த்து நேரம் எழுதுகிற வேலைதானே என் வேலை, அதே மாதிரி ஒரு நோட்டில் வலி எப்போது வந்தது, எப்போது விட்டது என்று எழுதிக்கொண்டே வந்தேன். பதினொன்றாவது வரி எழுதும்போது இடைவெளி ஏழு நிமிடமாகிவிட்டது. வீட்டுக்கார அம்மா லூர்தம்மாளைப் போய்க் கூப்பிட்டேன். அவர்கள் கர்ச்சீப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஆட்டோ பிடித்தார்கள். பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு பெண் கூட இருக்கலாம், அவள் பிள்ளை பெற்றவளாக இருக்க வேண்டும் என்பது இங்கே வழக்கம். "நாலு பெத்திருக்கேன் சிஸ்டர், போதுமா?" என்று கேட்டு உள்ளே வந்துவிட்டார்கள்.

கூட்டம்தான் அம்மா. பொய் சொல்ல மாட்டேன். அன்று ஒரே நாளில் பதினாலு பிரசவம். தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி எல்லாம் ஒரே நேரத்தில் கேட்கும். வலி வந்தால் எல்லாம் ஒரே பாஷையாகிவிடுகிறது. திட்டும் உண்டு. கட்டிலை விட்டு இறங்கி நடந்தவளை ஒரு நர்ஸ் "இது என்ன பஸ் ஸ்டாண்டா?" என்று விரட்டினார். அவரே பத்து நிமிடம் கழித்து அவளுக்கு இடுப்பை நீவிவிட்டார். நான் ஒவ்வொரு மாதமும் செக்கப்புக்கு வந்து, வரிசையில் உட்கார்ந்து, இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் இங்கே வந்தேன். எந்த நேரமும் டாக்டர் இருக்கிறார், ரத்தம் இருக்கிறது, ஒன்றென்றால் வேறு இடத்துக்கு ஓட வேண்டாம். உன் மேல் இருந்த வீம்பில் வரவில்லை.

எவாஞ்சலின் சிஸ்டர்தான் என்னைப் பார்த்துக்கொண்டார். உன்னை விட ஐந்தாறு வயது சின்னவராக இருப்பார். என் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, ஆடிட்டுக்கு வந்தியா, கொழந்த பெக்க வந்தியா?" என்றார். ஆனால் அதைப் பார்த்துத்தான் தன் காகிதத்தில் எழுதிக்கொண்டார். எனக்குக் கத்த வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு லூர்தம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஏம்மா பொற்கொடி, வலிக்குதுன்னு சொல்றதுக்குக் கூடவா வெக்கம்? கத்து. இங்க எவளும் உன்ன ஒன்னும் நெனைக்க மாட்டா" என்றார்கள். வரவில்லை. அவர்கள் கையில் என் நகம் பதிந்த இடம் இன்றைக்கும் இருக்கிறது.

மத்தியானம் ஒன்று நாற்பதுக்கு உன் பேத்தி பிறந்தாள். இரண்டு கிலோ ஐம்பது கிராம். முன்கூட்டியே வந்ததால் எடை குறைவு. உடனே துடைத்து, பையில் நான் வைத்திருந்த பழைய துணியில் சுற்றி, என் நெஞ்சின் மேல் போட்டார்கள். அந்தத் துணி உன்னுடைய பச்சைச் சேலை அம்மா. மில்லுக்குக் கட்டிக்கொண்டு போய் நூலாக நைந்துபோனதே, அது. கல்யாணமாகி வரும்போது உனக்குத் தெரியாமல் எடுத்து வந்தேன். தேடியிருப்பாய்.

இப்போது காரணத்துக்கு வருகிறேன். இதைப் படிக்கும்போது எழுந்து போய்விடாதே.

நான் எட்டாவது படிக்கும்போது நீ ஆஸ்பத்திரியில் பெருக்கித் துடைக்கிற வேலையை விட்டாய். ஏன் விட்டாய் என்று யார் கேட்டாலும் பினாயில் வாசனை ஒத்துக்கொள்ளவில்லை என்றாய். ஒரு சனிக்கிழமை பெரியம்மா வந்திருந்தார். நான் உள் அறையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் இரண்டு பேரும் பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டே பேசினீர்கள். எனக்குக் கேட்டது அம்மா. எல்லாம் கேட்டது.

பிரசவமாகி ஒரு கட்டிலில் படுத்திருந்த பெண்ணைப் பற்றிச் சொன்னாய். கட்டிலுக்கு அடியில் ரத்தம் சொட்டியிருந்தது, நீ துடைத்தாய். திரும்ப வந்தபோது மறுபடியும் இருந்தது, மறுபடியும் துடைத்தாய். மூன்றாவது தடவை அங்கிருந்த நர்ஸிடம் சொன்னாய். "பிரசவம்னா ரத்தம் வராமப் பன்னீரா வரும்? போயி ஒன் வேலையப் பாரு" என்று சொல்லிவிட்டார். உன் வேலை துடைப்பது. துடைத்தாய். கொஞ்ச நேரத்தில் டாக்டர் அந்த வழியாக வந்தார், தரை பளிச்சென்று இருந்தது, போர்வை மூடியிருந்தது, அவர் போய்விட்டார். அதன் பிறகு அந்தப் பெண் எழுந்திருக்கவில்லை.

பெரியம்மாவிடம் நீ சொன்ன கடைசி வார்த்தை எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "நான் சுத்தமாத் தொடச்சதாலதான்க்கா யாருக்கும் தெரியல." அதற்குப் பிறகு துணியை அடித்துத் துவைக்கிற சத்தம்தான் வந்தது.

அந்த மாதமே நீ மில் வேலைக்குப் போனாய். எனக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீ வார்டுக்குள் நுழைந்ததும் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தாய். என் கட்டில் மட்டும் இல்லை, வழியில் இருந்த ஒவ்வொரு கட்டிலும். ஏதாவது விழுந்துவிட்டதா, என்ன தேடுகிறீர்கள் என்று ஒருவர் கேட்டார். எனக்குத் தெரியும் நீ என்ன தேடினாய் என்று.

இத்தனை வருடம் இதை நான் உன்னிடம் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. இப்போது எழுதத் தைரியம் வந்ததற்குத் திங்கட்கிழமை நடந்ததுதான் காரணம்.

பிரசவம் முடிந்ததும் இரண்டு மணி நேரம் வேறு ஓர் அறையில் வைத்துக் கவனிக்கிறார்கள். பக்கத்துக் கட்டிலில் நேத்ராவதி என்று ஒரு பெண். தளிப் பக்கம் பூ விவசாயம் செய்கிற குடும்பம். கன்னடம்தான் பேசுவாள். எனக்கு அரை மணி நேரம் முன்னால் அவளுக்குப் பையன் பிறந்திருந்தான். அவளுடைய மாமியார் காபி வாங்கப் போயிருந்தார். வாசலில் ஆம்புலன்சிலேயே ஒருத்திக்குப் பிரசவமாகிவிட்டது என்று எல்லோரும் அந்தப் பக்கம் ஓடினார்கள். எவாஞ்சலின் சிஸ்டர் மட்டும் கோடிக் கட்டிலில் ஒரு குழந்தைக்குப் பால் குடிக்கப் பழக்கிக்கொண்டிருந்தார். நேத்ராவதி "நீரு, நீரு" என்று தண்ணீர் கேட்டாள். லூர்தம்மாள் கொடுத்தார்கள். குடித்து முடித்ததும் மறுபடியும் கேட்டாள். முகம் வெளுத்திருந்தது. போர்வைக்கு மேலே வேறு ஒன்றும் தெரியவில்லை.

அப்போது மணிமேகலை அக்கா தரை துடைத்துக்கொண்டு வந்தார்கள். இங்கே கான்ட்ராக்டில் வேலை பார்ப்பவர், பர்கூர்ப் பக்கம் ஊர். நேத்ராவதி கட்டிலுக்கு அடியில் மாப்பைத் தள்ளியவர் சட்டென்று நின்றார். குனிந்து பார்த்தார். அந்தக் குனிதல் எனக்குத் தெரிந்த குனிதல் அம்மா.

"சிஸ்டர்" என்று கூப்பிட்டார். மெல்லிய குரல். கோடி வரைக்கும் போகவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டார். அதுவும் போகவில்லை.

நான் கத்தினேன். "சிஸ்டர், இங்க வாங்க, ரத்தம் போகுது!" குழந்தை நெஞ்சில் இருக்கிறாள் என்பது கூட நினைவில்லை. அவள் துள்ளி விழுந்து அழுதாள். அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. லூர்தம்மாள் அந்த நேரத்திலும் விடவில்லை, "புள்ள பெக்கறப்ப வராத சத்தம் இப்ப எங்கேர்ந்துடி வந்துச்சு?" என்றார்கள்.

எவாஞ்சலின் சிஸ்டர் ஓடி வந்தார். என்னைப் பார்க்கவில்லை. மணிமேகலை அக்காவைப் பார்த்துத்தான் கேட்டார்: "எவ்ளோ நேரமா மேகலை?"

"முன்ன வந்தப்ப இன்னொரு சிஸ்டர்கிட்டக் காட்டிட்டு ஒரு தடவ தொடச்சேன் சிஸ்டர். கால் மணி நேரங்கூட ஆவல. இப்ப மறுபடியும் நெறய நிக்குது. இத தொடைக்காம வுட்டிருக்கேன், நீங்க பாக்கணும்னு."

"வாளியக் கொட்டிடாதீங்க" என்றார் சிஸ்டர். போர்வையை எடுத்து வீசிவிட்டு, ஒரு கையால் நேத்ராவதியின் வயிற்றை அழுத்திப் பிசைந்துகொண்டே வாளித் தண்ணீரை எட்டிப் பார்த்தார், தரையைப் பார்த்தார். எவ்வளவு போயிருக்கிறது என்று அதை வைத்துத்தான் கணக்குப் போட்டார் அம்மா. அதற்குள் டாக்டர் வந்துவிட்டார். ஊசி, இரண்டு கையிலும் டிரிப், அப்புறம் ரத்தம். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகும்போது "யார் பார்த்தது?" என்று டாக்டர் கேட்டார். "மணிமேகலைதான் பார்த்தாங்க மேடம்" என்றார் சிஸ்டர்.

நேத்ராவதி பிழைத்துவிட்டாள். நேற்று அவளை எங்கள் வார்டுக்கே கொண்டுவந்தார்கள். இன்று காலையில் ராகிக் கஞ்சி குடித்துவிட்டு, அவள் மகன் என் மகளை விடக் கனம் என்று சைகையில் பீற்றிக்கொள்கிறாள். அவளுடைய மாமியார் தளியிலிருந்து ரோஜாப் பூ வரவழைத்து மணிமேகலை அக்காவுக்குக் கொடுத்தார். அக்கா வெட்கப்பட்டுக்கொண்டு அதைக் கொண்டையில் வைத்துக்கொண்டே தரை துடைத்தார்கள்.

நேற்று எவாஞ்சலின் சிஸ்டர் குழந்தைக்கு எடை பார்க்க வந்தபோது நானே பேச்சைத் தொடங்கினேன். நம்புகிறாயா? நானே. துடைக்காமல் விட வேண்டும் என்று மணிமேகலை அக்காவுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். தான்தான் சொல்லிக்கொடுத்ததாகச் சொன்னார். புதிதாக யார் துடைக்க வந்தாலும் முதல் நாளே சொல்லிவிடுவாராம்: கட்டிலுக்கு அடியில் ரத்தம் இருந்தால் எங்களிடம் காட்டாமல் துடைக்காதே, இரண்டாம் தடவை வந்தால் சத்தம் போட்டுக் கூப்பிடு, யார் திட்டினாலும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

அப்போது நான் உன்னைப் பற்றிச் சொன்னேன். பெயர் சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த ஒருவர், பல வருடத்துக்கு முன்னால், இப்படித் துடைத்துவிட்டார் என்று மட்டும் சொன்னேன். சிஸ்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார். அப்புறம் சொன்னார்: "தொடைக்கறதுக்குத்தான அவங்கள வெச்சிருந்தோம்? தொடைக்காதன்னு யாரு சொன்னா? அவங்க வந்து சொன்னப்பவும் கேக்கல. அது அவங்க தப்பு இல்லம்மா, எங்க தப்பு. நான் வேலைக்குச் சேந்த புதுசுல நானும் அப்படி ஒருத்தங்கள வெரட்டியிருக்கேன். அதுக்கப்புறந்தான் இத சொல்லிக்குடுக்க ஆரம்பிச்சேன்." எழுந்து போகும்போது திரும்பி வந்து, "அவங்க இருக்காங்களா? பாத்தா நான் சொன்னேன்னு சொல்லு" என்றார்.

சொல்லிவிட்டேன் அம்மா.

எனக்கு ஒன்று தோன்றுகிறது. அன்றைக்கு நீ பெரியம்மாவிடம் பேசியது என் காதில் விழாமல் இருந்திருந்தால், மணிமேகலை அக்கா குனிந்ததை நான் பார்த்திருப்பேனே தவிர, அது என்ன என்று எனக்குப் புரிந்திருக்காது. கத்தியிருக்கவும் மாட்டேன். அந்தச் சத்தம் எங்கேர்ந்து வந்தது என்று லூர்தம்மாள் கேட்டார்களே, அவர்களுக்கு நான் பதில் சொல்லவில்லை. உனக்குத் தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

மற்றச் சேதிகள். குழந்தையைத் துணியால் என் நெஞ்சோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறேன். எடை ஏறுவதற்கு இதுதான் மருந்தாம். அதனால்தான் எழுத்து கோணலாக இருக்கிறது. இன்றைக்கு இருபது கிராம் ஏறியிருக்கிறாள். மூக்கு அப்பாவுடையது, பாவம். உன் மருமகன் ஷிப்ட் முடிந்ததும் வந்து, கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் பன் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகிறார். என்னை விடக் கூச்சக்காரர் ஒருவர் உலகத்தில் இருக்கிறார் என்பது எனக்கு ஆறுதல். பத்தியச் சாப்பாடு லூர்தம்மாள் கொண்டுவருகிறார்கள். பூண்டுக் குழம்பு நன்றாக இருக்கிறது, உன்னுடையது மாதிரி இல்லை. இதை அவர்களிடம் சொல்லிவிடாதே.

செவ்வாய்க்கிழமை வரைக்கும் எங்களை இங்கேதான் வைத்திருப்பார்கள். வீட்டுக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நீ நினைப்பாய். வேண்டாம். இங்கே வா. ஞாயிற்றுக்கிழமை அஜித்குமார் அண்ணன் காரில் ஓர் இடம் உனக்காகவே விட்டிருக்கிறார். காலையில் ஏறினால் பார்க்க விடுகிற நேரத்துக்கு வந்துவிடலாம். நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை. அப்பாவையும் கூட்டி வா, ஆனால் ஆண்களை உள்ளே விட மாட்டார்கள், அவர் கண்ணாடி வழியாகத்தான் பார்க்க வேண்டும் என்று முன்பே சொல்லிவிடு.

பின்பக்கம் துடைக்கிறவர்கள் வந்து போகிற ஒரு வழி இருக்கிறது. உனக்குப் பழக்கத்தில் கால் அந்தப் பக்கம் போகும். போகாதே. முன்வாசல் வழியாக வா. செக்யூரிட்டி கேட்டால் பொற்கொடியின் அம்மா நாகம்மாள் என்று சொல். நான் பெயர் கொடுத்து வைத்திருக்கிறேன். செருப்பை வெளியே விட்டுவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள். இடது பக்கம் மூன்றாவது கட்டில். தரை ஈரமாக இருந்தால் மெதுவாக நடந்து வா, மணிமேகலை அக்கா அப்போதுதான் துடைத்திருப்பார்கள்.

கட்டிலுக்கு அடியில் பார்க்காதே அம்மா. அதைப் பார்க்க இங்கே ஆள் இருக்கிறது. நீ கட்டிலுக்கு மேலே பார்.

உன் வரவை எதிர்பார்த்து,
உன் மகள்
கொடி